இசக்கி விழுந்ததற்கு முழு மார்க்

பேசப் படிப்பதற்கென்று ஒரு கட்டடம் கட்டினார்கள். கொட்டாரத்துக்கு அந்தப் பக்கம், வயலில் மண்ணடித்து எழுப்பிய இன்ஜினியரிங் காலேஜில். நான் அந்தக் கட்டடத்துக்குச் சாந்து சுமந்தேன். வாய் உள்ளவனுக்குத் தானாக வருகிற பேச்சுக்கு மாடி எதற்கு, ஏசி எதற்கு, காதில் மாட்டுகிற கருவி எதற்கு என்று இசக்கியிடம் கேட்டேன். இசக்கி கொத்தனார். அவனுக்குக் கையாள் நான்.

"வேலை தாறானுவளா, செய்யும். அவனுவ பேசுனா என்ன, ஊமையாப் போனா என்ன" என்றான் அவன்.

இரண்டாம் மாடிச் சாரத்தில் நின்றால் எதிர்க் கட்டடத்து வகுப்பு ஜன்னல் வழியே தெரியும். தேவகுமார் சார் அங்கே பாடம் நடத்துவார். இங்கிலீஷ் வாத்தியார். ஆனால் இங்கிலீஷ் என்று சொல்ல மாட்டார், புரொபஷனல் கம்யூனிகேஷன் என்பார். பல்லிகூட நிழலுக்கு ஒதுங்குகிற வெயிலில் கோட்டும் டையும் போட்டு நிற்பார். பிள்ளைகளை ஜோடி ஜோடியாக எழுப்பிக் கைகுலுக்கச் சொல்வார். பிடி தளர்ந்திருந்தால் மறுபடி குலுக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக முன்னால் வந்து, தன் பெயரையும் தான் ரொம்பத் தைரியசாலி என்பதையும் சொல்ல வேண்டும். தைரியசாலி என்கிற இடத்தில் பாதிப் பேருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். படித்துப் பாலம் கட்டப் போகிறவர்கள்! நாங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்போம்.

"அண்ணே, கையக் குடும்" என்று இசக்கி கரண்டியைப் போட்டுவிட்டுச் சிமென்ட் கையை நீட்டுவான். "ஐயாம் இசக்கி. வெரி வெரி தைரியசாலி."

"தைரியசாலி சுவரைப் பூசும். கண்ட்ராக்டர் மத்தியாஸ் பாக்கான்" என்பேன்.

அந்தச் சாரத்திலிருந்துதான் இசக்கி விழுந்தான்.

ஏன் விழுந்தான் என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது. ஐப்பசி மழை முழுவதும் நனைந்து கிடந்த கயிறு. காலையில் ஏறுவதற்கு முன் இசக்கி அதைக் கையில் எடுத்துத் திருகி, நார் உதிர்வதைக் கண்ட்ராக்டர் மத்தியாஸிடம் காட்டினான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"புதுக்கயிறு நாளைக்கு வந்துரும். இன்னைக்கு ஒரு நாள் ஒப்பேத்துடே" என்றான் மத்தியாஸ். "கிறிஸ்மஸுக்கு முன்ன திறக்கணும்னு கரஸ்பாண்டன்ட் என் கழுத்தப் பிடிக்காரு."

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் முடிச்சு விட்டது. பலகை ஒரு பக்கமாகச் சரிந்தது. இசக்கி சாந்துச்சட்டியோடு கீழே வந்தான். இடதுகால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்து பாதம் வேறு திசையைப் பார்த்தது. எதிர் ஜன்னலில் தைரியசாலிகள் எல்லாம் கூடி நின்று போனில் படம் பிடித்தார்கள். ஒருத்தன்கூட இறங்கி வரவில்லை. நானும் இரண்டு சித்தாள்களும் அவனைச் சிமென்ட் சாக்கில் தூக்கிவைத்து ஆட்டோவில் ஏற்றினோம்.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். இனி ஒரு ஆபரேஷன் வேண்டும், அதற்குப் பிறகும் சாரம் ஏற முடியாது என்றார்கள். மத்தியாஸ் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, அவன் கால் வழுக்கி விழுந்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். இசக்கியின் பெண்டாட்டி பூங்கனி சும்மா இருக்கிறவள் அல்ல. நாகர்கோவில் லேபர் ஆபீஸில் நஷ்டஈட்டுக்கு மனு கொடுத்தாள். வேலை கொடுத்தவன் பக்கம் தவறு என்று தெரிந்தால்தான் சிக்கலில்லாமல் நடக்கும் என்று அங்கே யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். நான் கண்டதை என் கோணல் எழுத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆபீஸர் அம்மா அதை வாங்கிக்கொண்டு, காலேஜ் தரப்பிலிருந்தும் ஒரு அறிக்கை வரவேண்டும் என்று கடிதம் போட்டார். அந்த அறிக்கை என்ன சொல்கிறதோ, இசக்கியின் கால் அந்தப் பக்கம்.

நான் எழுதிக் கொடுத்தது மத்தியாஸுக்குத் தெரியும். ஆள் கிடைக்காத காலம், திறப்புவிழா வேறு நெருங்குகிறது. அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை மட்டும் கொடுத்தான்.

காலேஜில் அறிக்கை எழுத யார் இருக்கிறார்கள்? பிரின்சிபால் அந்தக் கடிதத்தை இங்கிலீஷ் டிபார்ட்மென்டுக்குத் தள்ளினார். எழுத்து என்றால் அவர்கள் வேலை என்று நினைப்பு. தேவகுமார் சார் அதைப் பிள்ளைகளுக்குத் தள்ளினார். பாடத்தில் 'விபத்து அறிக்கை எழுதுதல்' என்று ஒரு பகுதி இருந்ததாம். அதற்குச் சரியாக நம் இசக்கி விழுந்து கொடுத்திருக்கிறான்.

சார் என்னைத் தேடி மணல் குவியல் வரைக்கும் வந்தார். பூட்ஸில் மண் படாமல் நின்றார்.

"ஞானையன்தானே? நாளைக்கு என் கிளாஸுக்கு வாங்க. நீங்கதான் ரிசோர்ஸ் பெர்சன்."

"அப்படின்னா என்ன வேலை சார்?"

"நடந்ததை நீங்க சொல்லுவீங்க. பிள்ளைங்க ரிப்போர்ட் எழுதுவாங்க. எது பெஸ்ட்டோ அதை அப்படியே லேபர் ஆபீஸுக்கு அனுப்புறோம். ரியல் லைஃப் லேர்னிங்! எந்தக் காலேஜிலயும் இப்படிப் பண்ணல்ல."

ஒருவன் கால் ஒடிந்து கிடக்கிறான், இந்த மனிதருக்கு முகமெல்லாம் சந்தோஷம். ஆனாலும் நான் ஒத்துக்கொண்டேன். எனக்கு ஒரு நினைப்பு. ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் கயிற்றைப் பற்றி எழுதினால் மத்தியாஸ் எங்கே போய் மறைப்பான்? படிக்கிற பிள்ளைகள், காலேஜ் முத்திரை. என் கோணல் எழுத்துக்கு இல்லாத மதிப்பு அதற்கு இருக்கும்.

மறுநாள் கைகால் கழுவிவிட்டுப் போனேன். மேடையில் நாற்காலி போட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்தார்கள். ஏசி எலும்பில் ஏறியது. சார் பலகையில் மூன்று தலைப்பு எழுதினார்: நடந்தது, காரணம், பரிந்துரை. நான் மழையில் கிடந்த கயிற்றிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஒன் மினிட்" என்றார் சார். "உணர்ச்சி வேண்டாம். தகவல் மட்டும். பிள்ளைங்களா, சோர்ஸ் எமோஷனலாப் பேசும்போ நாம எப்படி ஃபில்டர் பண்ணணும்னு கவனிங்க."

நான் கயிறு நனைந்தது என்றுதான் சொல்லியிருந்தேன். அதில் எங்கே உணர்ச்சி இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜெனித் என்று ஒருத்தன் பின்வரிசையில் எழுந்தான். "அங்கிள், அவரு விழும்போ ஸ்லோ மோஷன் மாதிரி இருந்ததா, இல்ல டக்குனு முடிஞ்சுட்டா?"

வகுப்பு சிரித்தது.

"நீ மாடியில ஏறிக் குதிச்சுப் பாரு மக்கா. நான் கீழ நின்னு பாத்து ரெண்டுல எதுன்னு சொல்லுகேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எதற்கும் சிரிப்பார்கள்.

முன்வரிசையில் ஸ்மைலின் என்ற பிள்ளை. கோட்டாற்றில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள், வகுப்பில் முதல் மார்க் என்று சார் முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார். அவள் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

"அங்கிள், அவரு ஹெல்மெட், பெல்ட் எல்லாம் போட்டிருந்தாரா?"

"தந்தாத்தானே மக்கா போட."

"குட் பாயின்ட்" என்றார் சார். "நோட் பண்ணிக்கோங்க. பாதுகாப்புக் கவசம் அணியவில்லை."

"தரல்லன்னுல்லா சார் சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான் ஞானையன். ரிப்போர்ட்ல சுருக்கமா இருக்கணும்."

மத்தியாஸ் சொன்னதைச் சொன்னேன். ஒரு நாள் ஒப்பேத்து என்று அவன் சொன்னதை அவன் குரலிலேயே சொன்னேன். சார் மார்க்கரின் மூடியைப் போட்டார்.

"அது எழுத்துல இருக்கா?"

"வாயால சொன்னது சார். நான் பக்கத்துல நின்னேன்."

"அப்போ அது வெரிஃபை பண்ணாத தகவல். அதை எழுதினா எழுதுறவங்க கிரெடிபிலிட்டி போயிரும்." பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "பாதிக்கப்பட்டவரை நேரா சந்திச்சு அவரு வாயால வாங்குங்க. அதுதான் பிரைமரி சோர்ஸ்."

தேவகுமார் சாருக்குச் சம்பளம் கொடுக்கிறது கரஸ்பாண்டன்ட். மத்தியாஸ் கரஸ்பாண்டன்டின் மச்சினன். இதையும் யாரும் எழுத்தில் எழுதி வைக்கவில்லை, ஆனால் அந்த வகுப்பில் இருந்த சுவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலேஜ் வேனில் ஸ்மைலினும் ஜெனித்தும் இசக்கி வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழிகாட்ட நான். கோட்டாற்றில் வண்டியை நிறுத்தி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கினார்கள். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது மட்டும் இன்னும் மறக்கவில்லை.

இராஜாக்கமங்கலத்தில், தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு. இசக்கி கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான். நெற்றியில் வெள்ளை நாமம் இட்டு, சட்டையும் போட்டிருந்தான். பிள்ளைகள் வருகிறார்கள் என்று நான் சொல்லியிருந்ததால் பூங்கனி பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாள்.

"உள்ள வாங்க மக்களே. வெயில்ல கருத்துப் போயிருக்கிய. எட்டி பூங்கனி, சாயா போடு. பழம் எடு."

"இல்ல அங்கிள், பரவால்ல" என்றாள் ஸ்மைலின். போனை எடுத்துக் கட்டில் சட்டத்தில் வைத்தாள். "அங்கிள், இதுல ரெக்கார்ட் பண்ணிக்கிடட்டா?"

"பண்ணு மக்கா. என் சத்தத்தை வச்சு என்ன செய்யப் போற?"

"அங்கிள், எப்படி விழுந்தீங்க?"

இசக்கி அவள் கொண்டு வந்த ஆப்பிள் பையைப் பார்த்தான். வந்திருப்பது யாரோ பெற்ற பிள்ளை, அவன் மகள் வயது. அந்தப் பிள்ளையின் காலேஜில்தான் விழுந்திருக்கிறான்.

"என் நேரம் மக்கா. வேற என்ன சொல்ல? நான்தான் பாத்து ஏறியிருக்கணும். எத்தனை வருஷமா ஏறுகேன், அன்னைக்குக் கவனம் தப்பிட்டு."

"அப்போ காலேஜ் மேல தப்பு ஒண்ணும் இல்லியா அங்கிள்?"

"சே. காலேஜ் என்ன செய்யும்? நீங்க இவ்வளவு தூரம் வந்து பாத்தியளே, அது போதும்."

பூங்கனியும் சாயாவைக் கொடுத்துக்கொண்டே அவன் பாட்டுக்குத் தாளம் போட்டாள். "ஆமா மக்களே, எங்க கெரகம். பழத்தை எடுங்க. ஒண்ணாவது எடுங்க."

ஜெனித் மூன்று பழம் தின்றான்.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நோயாளியைப் பார்க்கப் போனால் நம் ஊரில் வேறு எதைக் கேட்டிருக்கிறோம்? பஸ் மோதியவன்கூட, பார்க்க வந்தவரிடம் 'நான் கொஞ்சம் ஒதுங்கி நடந்திருக்கணும்' என்பான். வந்தவர் மனம் நோகக் கூடாது, அவ்வளவுதான். வந்தவரும் அதைக் கேட்டுக்கொண்டு, 'சும்மா இரும், உம்ம தப்பு என்ன இருக்கு' என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. அந்தப் பிள்ளைகள் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

வேனில் திரும்பும்போது ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

"மக்கா, அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கிடாத. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட மரியாதைக்குச் சொன்னது. கயிறு சங்கதி நான் சொன்னதுதான்."

"தெரியும் அங்கிள்" என்றாள் ஸ்மைலின். "எங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் அப்படித்தான். டாக்டர் மருந்து மாத்திக் குடுத்துட்டாரு, இவரு வாறவங்க போறவங்ககிட்ட எல்லாம் 'நான்தான் சுகரைக் கவனிக்கல'ன்னு சொல்லிட்டுக் கெடந்தாரு. அம்மைக்கு வந்த கோவம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. விவரமுள்ள பிள்ளை என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வகுப்பு வாசலில் ஒரு தாளை ஒட்டி, ரிப்பன் குத்தியிருந்தார்கள். ஸ்மைலினின் அறிக்கை. முழு மார்க். இங்கிலீஷில் இருந்ததால் எனக்கு அது பல்லி ஊர்ந்த சுவர்தான். ஜெனித் அந்த வழியே போனான். அவனை நிறுத்திக் கேட்டேன்.

"இதுல கயிறு உண்டா மக்கா?"

அவன் தாளை மேலும் கீழும் பார்த்தான். "கயிறா? இல்ல அங்கிள். ஆனா சூப்பரா எழுதியிருக்கா. கம்பெனி இன்டர்வியூவுக்கு இதைத்தான் கொண்டு போகப் போறாளாம்."

பூங்கனிக்கு லேபர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது, இசக்கியையும் கூட்டிக்கொண்டு விசாரணைக்கு வரச்சொல்லி. ஆட்டோவில் காலை நீட்டி வைக்க ஒரு தலையணையோடு போனோம். காலேஜ் தரப்பில் தேவகுமார் சார் கோட்டோடு வந்திருந்தார். அறிக்கை எழுதியவள் என்று ஸ்மைலினையும் கூட்டி வந்திருந்தார். மத்தியாஸ் கதவோரமாக நின்றான்.

ஆபீஸர் அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கி, அறிக்கையின் தமிழ்ப் பிரதியை வாசித்தார்.

"விபத்துக்கான முதன்மைக் காரணம் பணியாளரின் கவனக்குறைவு. அவர் பாதுகாப்புக் கவசம் எதுவும் அணிந்திருக்கவில்லை. பாதிக்கப்பட்டவரே தம் தவற்றை நேர்காணலில் ஒப்புக்கொண்டுள்ளார். ஒலிப்பதிவு இணைக்கப்பட்டுள்ளது. பரிந்துரை: தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு வகுப்புகள் நடத்தலாம்."

பூங்கனி என்னைப் பார்த்தாள். நான் ஸ்மைலினைப் பார்த்தேன். அவள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன அழகான தமிழ்! ஒரு வார்த்தை பிசகவில்லை. ஒரு மனிதனின் காலை இத்தனை சுத்தமாக வெட்ட ஆஸ்பத்திரியிலும் ஆள் கிடையாது.

அம்மா ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். சார் தன் போனில் போட்டார். அந்த அறை முழுவதும் இசக்கியின் குரல் கேட்டது. என் நேரம் மக்கா. நான்தான் பாத்து ஏறியிருக்கணும். நடுவில் சாயா டம்ளர் சத்தம். ஒண்ணாவது எடுங்க என்று பூங்கனி கெஞ்சுகிற சத்தம். ஜெனித் பழம் உரிக்கிற சத்தம்கூடக் கேட்டதாக எனக்குத் தோன்றியது.

"இது நீங்க சொன்னதுதானா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லன்னு சொல்லும்" என்று பூங்கனி அவன் தோளைக் கிள்ளினாள். "பிள்ளைக தப்பா எழுதிட்டுன்னு சொல்லும்."

இசக்கி அவள் கையைத் தட்டிவிட்டான். "சொன்னேன்மா. பிள்ளை பொய் எழுதல்ல. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கு."

அந்த நேரத்திலும் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தான். எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்மைலினைக் கேட்டார்.

"ஏம்மா, சீக்காளி வீட்ல வந்தவங்ககிட்ட இப்படித்தானே பேசுவாங்க? உனக்கு அது தெரியாதா?"

ஸ்மைலின் சாரைப் பார்த்தாள்.

"மேடம்" என்றார் சார், "ரிப்போர்ட்ல நம்ம ஊகத்தைச் சேர்க்கக் கூடாது. அது பேசிக் பிரின்சிபிள். சோர்ஸ் என்ன சொல்லுதோ..."

"நான் உங்களைக் கேக்கல. நீ சொல்லும்மா. தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்று சொன்னால் போதும். ஒரு சொல். பாட்டனாரிடமிருந்து, அப்பனிடமிருந்து, கோட்டாற்றுத் தெருவில் நாலு வீட்டிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த சங்கதி. வேனில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னது. முழு மார்க் எங்கே போய்விடும்? ரிப்பன் எங்கே ஓடிவிடும்?

"இல்ல மேடம்" என்றாள். "எனக்கு அப்படித் தெரியல. அவரு உண்மையாச் சொன்ன மாதிரிதான் இருந்தது."

குரல் நடுங்கவில்லை. கண்ணைப் பார்த்துச் சொன்னாள். முதுகு நேராக இருந்தது. சார் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் வந்துவிட்டது.

"பிள்ள, வேன்ல என்ட்ட என்ன சொன்ன?" என்றேன். "ஒங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடந்த கதையை..."

"அங்கிள் எதையோ மாத்திச் சொல்றாங்க மேடம்."

நான் அவளை விட்டு இசக்கி பக்கம் திரும்பினேன்.

இசக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆள் இதுதானா என்று சரிபார்க்கிறவன் போலப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் காலைத் தூக்கித் தலையணையில் நகர்த்தி வைத்துவிட்டு, ஆபீஸர் அம்மா பக்கம் திரும்பினான்.

"எழுதிக்கிடுங்கம்மா. நான் சொல்லுகேன்."

அம்மா பேனாவை எடுத்தார்.

"இந்தப் பிள்ளைகிட்ட அன்னைக்கு நான் சொன்னது முழுசும் பொய். கயிறு மக்கிப் போன கயிறு. நான் கையில எடுத்து மத்தியாஸுகிட்ட காட்டுனேன். அந்தா கதவுகிட்ட நிக்கானே, அவன்தான். நாளைக்குப் புதுசு வரும், இன்னைக்கு ஒப்பேத்துன்னு சொன்னான். நான் ஏறமாட்டேன்னேன். ஏறாட்டா வேற ஆளை வச்சுக்கிடுகேன், நீ வீட்டுக்குப் போன்னான். அதைக் கையாளு ஞானையன் அண்ணனுக்குக்கூட நான் சொல்லல்ல."

உண்மைதான். அது எனக்குத் தெரியாது. ஒப்பேத்து என்றதைக் கேட்டதும் நான் சாந்து குழைக்கப் போய்விட்டேன்.

"லேய் இசக்கி, பாத்துப் பேசு" என்றான் மத்தியாஸ்.

"பாத்துத்தாம்லே பேசுகேன். பாத்து ஏறல்லன்னுதானே எழுதி வச்சிருக்கிய. இப்பம் பாத்துப் பேசுகேன், கேட்டுக்க. பெல்ட்டு தரல்ல. தொப்பி தரல்ல. விழுந்த அன்னைக்கு ஒருத்தன் இறங்கி வரல்ல. ஜன்னல்ல நின்னு படம் பிடிச்சானுவ, இந்தப் பிள்ளையும் நின்னுது. நான் மல்லாக்கக் கெடந்து பாத்தேன்."

ஸ்மைலின் தலையை நிமிர்த்தவேயில்லை.

"இந்த சாரு என்னைப் பாக்க ஒரு தடவைகூட வரல்ல. பிள்ளைய அனுப்பி என் வாயைப் பிடுங்கியிருக்காரு. காலேஜ்ல அதுக்கும் ஒரு பாடம் உண்டு போல."

"மேடம், இது பெர்சனல் அட்டாக்" என்றார் சார்.

"உக்காருங்க சார்" என்றார் அம்மா, தலை தூக்காமல் எழுதிக்கொண்டே. "நீங்க கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க இசக்கி. கை வலிக்குது."

அவன் மெதுவாகச் சொன்னான். ஒவ்வொரு வரியாகச் சொன்னான். கிறிஸ்மஸ் திறப்புவிழா அவசரம், கரஸ்பாண்டன்டின் மச்சினன், ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தது, ஊரெல்லாம் கால் வழுக்கியது என்று சொன்னது. இசக்கி இத்தனை பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டான். நான் கீழே சாட்சியாகப் போட்டேன். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மத்தியாஸ் என்னிடம், "நாளையிலேருந்து வரண்டாம்" என்றான். சரி என்றேன். அவன் சொல்லாவிட்டாலும் போகிற உத்தேசமில்லை.

ஆட்டோவில் பூங்கனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்பவாவது வாயைத் தொறந்தீரே. அந்த சாருக்க மூஞ்சியப் பாத்தீரா அண்ணாச்சி? கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்திச்சு!"

"சும்மா கெட" என்றான் இசக்கி. "என் வீட்ல வந்து சாயா குடிச்ச பிள்ளை. நாலு பேருக்கு முன்னால வச்சு அதை அசிங்கப்படுத்தியாச்சு. என்னை இந்த வேலை செய்ய வச்சிட்டானுவளே."

"அது உனக்குத் துரோகம் செய்யல்லியா?" என்றேன்.

"அது செஞ்சா நானும் செய்யணுமா? அதுக்கு முறை தெரியல்ல. எனக்குத் தெரியும்லா."



மாசி மாதம் உத்தரவு வந்தது. காலேஜ் அறிக்கையை ஏற்க முடியாது என்றும், கண்ட்ராக்டரும் நிர்வாகமும் சேர்ந்து வைத்தியத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் பொறுப்பு என்றும் அதில் இருந்தது. பூங்கனி அதை என்னிடம் கொடுத்து இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். ஸ்மைலினுக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டதாக, சாயாக்கடையில் பார்த்தபோது ஜெனித் சொன்னான். இன்டர்வியூவில் அந்த அறிக்கையைப் பார்த்து ரொம்பப் பாராட்டினார்களாம். பாராட்டத்தானே செய்வார்கள். அவர்களுக்கு வேண்டிய ஆள்தான் அவள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து இசக்கி வீட்டில் கிடந்தபோது போயிருந்தேன். கொட்டாரத்திலிருந்து அவன் சித்தப்பா மகன் குமாரதாஸ் ரொட்டி பாக்கெட்டோடு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எப்படிண்ணே விழுந்தீரு?" என்று எல்லோரையும் போலக் கேட்டான்.

"மக்குன கயிறு" என்றான் இசக்கி. "மத்தியாஸ் தந்தது. காலையிலேயே காட்டுனேன். ஏறாட்டா வீட்டுக்குப் போன்னான். பெல்ட்டு தரல்ல."

குமாரதாஸ் பதிலுக்குச் சொல்ல ஒன்றைத் தயாராகக் கொண்டு வந்திருந்தான். உம்ம தப்பு என்ன இருக்கு என்று எங்கே வைத்துச் சொல்வது? ரொட்டி பாக்கெட்டை ஜன்னல் படியில் வைத்தான். பூங்கனி சாயா போட எழுந்தாள். "வேண்டாம் மைனி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.